மாமன் என்ற சொல் இல்லாத தீவு

1

ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி ஒரு மாதம் ஆகப்போகிறது. உடம்பு இன்னும் உசிலம்பட்டி நேரத்திலேயே கிடக்கிறது. இங்கே எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது எனக்குக் கண்ணைச் சொருகுகிறது. முன்பெல்லாம் இரண்டு நாளில் சரியாகிவிடும். இப்போது உடம்புக்கே எந்த ஊர்க்காரன் என்று சந்தேகம் வந்துவிட்டது போல.

வெளியே மழை. ஹவாயில் நான் இருக்கிற இந்த ஹிலோ ஊரில் மழை பெய்வதெல்லாம் பேச்சே இல்லை, பெய்யாவிட்டால்தான் பேச்சு. நான் இரும்பை வைத்துப் பிழைப்பவன். உப்புக்காற்றும் மழையும் சேர்ந்து இரும்பைத் தின்கிற வேகத்தில், போன வருடம் வெல்டிங் வைத்த கேட் இந்த வருடம் பல்லிளித்துக்கொண்டு பட்டறைக்கு வந்து நிற்கும். தொழிலுக்கு நல்லது. ஆனால் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பதில் ஒரு சலிப்பு இருக்கிறது, அது வயதானால்தான் தெரியும்.

நான் எட்டாவது தாண்டாதவன். உசிலம்பட்டி சந்தைக்குப் பக்கத்தில் வண்டிச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிற பட்டறையில் துருத்தி ஊதினவன். அங்கிருந்து சிங்கப்பூர்க் கப்பல் பட்டறை, அங்கிருந்து ஹோனலூலூ, அப்புறம் இந்தத் தீவில் சொந்தப் பட்டறை. எவனும் கைதூக்கிவிடவில்லை. மலைச்சரிவில் இருக்கிற பெரிய பெரிய வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள், பாதி வீட்டு வாசலில் நிற்பது என் கை வேலைதான். கேட்டைத் திறந்தால் சத்தம் வராது. அதுதான் என் அடையாளம்.

அப்படிப்பட்ட நான், ஒரு பிள்ளைக்கு ஊரில் வைத்து ஒழுங்காகக் காது குத்த முடியாமல் திரும்பி வந்திருக்கிறேன். எதனால் என்று ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்களாம். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

2

பிள்ளை என்றால் என் பேத்தி கயல். மூன்று வயது. என் ஒரே மகள் மீனா பெற்றது. மருமகன் மதுரை கோச்சடைப் பையன், வாத்தியார் வீட்டுப் பிள்ளை, சத்தமாகத் தும்மக்கூட மாட்டார். எங்கள் பக்கம் காது குத்தென்றால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அம்மாவுக்கு அண்ணனோ தம்பியோ மடி கொடுக்க வேண்டும். சீர் கொண்டு வர வேண்டும். அது இல்லாமல் குத்தினால் அது காது குத்தே இல்லை, கடையில் ஓட்டை போட்டதுதான்.

மீனா ஒற்றைப் பிள்ளை. ஆனால் அவளுக்கு அண்ணன் இருக்கிறான். பெயர் கிமோ.

கிமோ இந்த மண்ணின் பூர்வகுடி, பக்கத்து வீட்டு லானியின் மகன். லானிக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. புருஷன் கப்பலோடு போனவன், கப்பல் மட்டும் திரும்பி வந்தது. பையனுக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு சாயங்காலம் கொண்டுவந்து என் மனைவி பேச்சியம்மாளிடம் விட்டாள். விட்டதுதான். பேச்சி பேரையூர்க்காரி. அவனுக்கு ஊட்டியது, குளிப்பாட்டியது, விளக்குமாற்றை எடுத்து விரட்டியது எல்லாம் பேரையூர்த் தமிழில். அதனால் அவனுக்கும் அந்தத் தமிழ்தான் வந்தது. ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒருவன், தோளெல்லாம் பச்சை குத்திக்கொண்டு, தட்டைப் பார்த்து "இம்புட்டுத்தானா கறி?" என்று கேட்பான். இப்போது என் பட்டறையில் எனக்கு வலது கை அவன்தான்.

இப்படிப் பிள்ளையை இன்னொரு வீட்டில் வளரக் கொடுப்பதை இவர்கள் ஹானாய் என்கிறார்கள். ஒளிவு மறைவு இல்லை. பெற்றவளும் அம்மா, வளர்த்தவளும் அம்மா. லானியையும் பேச்சியையும் ஒரே வாயால் அம்மா என்றுதான் கூப்பிடுவான். எனக்கு, அப்பா.

இவர்கள் பாஷையில் உறவுச்சொற்களை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் லானி. அவளே நாற்பது வயதுக்கு மேல் இரவு வகுப்புக்குப் போய்க் கற்றவள். அவள் பாட்டி காலத்தில் பள்ளிக்கூடத்தில் சொந்தப் பாஷையைப் பேசினால் அடி விழுமாம். நம் ஊரில் அண்ணன் என்றால் யார் சொன்னாலும் அண்ணன். இங்கே சொல்கிறவர் ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டும். நான் ஆண், என் அண்ணன் எனக்குக் கைக்குவாஅனா. தம்பி என்றால் கைக்கைனா. ஒரு பெண் வாயிலிருந்து அதே கைக்குவாஅனா வந்தால் அது அவளுடைய அக்கா. பெண்ணுக்கு அண்ணன் தம்பி எல்லாம் ஒரே சொல், கைக்குனானே. ஆணுக்கு அக்கா தங்கச்சி எல்லாம் கைக்குவாஹினே. அங்கே மூத்தவர் இளையவர் பார்ப்பதில்லை. இது தெரியாமல் ஒரு நாள் லானியிடம், "கிமோ மீனாவுக்கு நல்ல கைக்குவாஅனா" என்று பெருமையாகச் சொன்னேன். "என் மகனை அக்காவாக்கிட்டியே" என்று அவள் சிரித்த சிரிப்பில் காபி கொட்டிவிட்டது.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. இவர்களிடம் மாமன் என்று தனிச்சொல் கிடையாது. சித்தப்பா கிடையாது, அத்தை கிடையாது. அப்பா தலைமுறையில் ஆம்பளை என்றால் மக்குவா கானே. பெற்றவனும் அதுதான், பெற்றவனுடைய அண்ணன் தம்பியும் அதுதான், அம்மாவின் அண்ணன் தம்பியும் அதுதான். அத்தனை பேரும் அப்பா. அவர்கள் பெற்றதெல்லாம் உனக்குக் கூடப்பிறந்தது. மாமன் மகள், அத்தை மகன் என்று பிரித்துக் கட்டிக்கொடுக்கிற வழியே இல்லை. முதலில் கேட்டபோது, பாவம், பத்துச் சொல்லோடு உறவை முடித்துக்கொண்டார்களே என்று நினைத்தேன். இப்போது கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

கயல் போகிற பாலர் பள்ளியில் அந்தப் பாஷைதான். அவள் தன் அப்பாவையும் கிமோவையும் ஒரே சொல்லால் கூப்பிடுவாள். வீட்டுக்கு வந்தால் தமிழில் "கிமோ அப்பா." பள்ளிக்கூடத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வீடியோ காலில் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, பேச்சியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"என்னத்தடி விசாரிக்கிறீக?" என்று பேச்சி சீறினாள். "அப்பன் ரெண்டா இருந்தா பிள்ளைக்கு நல்லதுதான. உங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, அதுவே வீட்டுக்கு ஒழுங்கா வாரதில்ல."

3

ஆவணியில் குலசாமி கோவிலில் வைத்துக் காது குத்துவது என்று முடிவானதும் ஒச்சப்ப அண்ணன் போன் போட்டார். என் கூடப்பிறந்த ஒரே அண்ணன். ஊரில் காடு கரை, மாடு கன்று எல்லாம் அவர் பார்வையில். எங்கள் அம்மாவைக் கடைசி மட்டும் வைத்துப் பார்த்தவரும் அவர்தான்.

"மடி யாரு குடுக்கிறது? பாண்டிதான?"

பாண்டி அண்ணன் மகன். பெரியப்பா மகன் என்பதால் மீனாவுக்கு அண்ணன் முறை, கயலுக்குத் தாய்மாமன் முறை. கேள்வியே தேவையில்லாத கேள்வி.

"மீனா, கிமோதான் உக்காரணும்ங்கிறா, அண்ணே."

"யாரு, அந்தப் பச்சை குத்தினவனா? அவன் யார்ரா நமக்கு?"

"நான் வளத்த பிள்ளை."

"நீ நாயி கூடத்தான் வளக்கிற. பாண்டி கல்லு மாதிரி இருக்கையில வேத்தாளு மடியில பிள்ளை உக்காந்துச்சுன்னா, என்னைய ஊருக்குள்ள மனுசனா மதிப்பாகளா? சொல்லிட்டேன். அன்னைக்கோட உனக்கும் எனக்கும் பேச்சில்ல."

மீனாவிடம் சொன்னேன். அவள் இங்கிலீஷில் ஆரம்பித்தாள், கோபம் வந்ததும் தமிழுக்கு வந்தாள். "பாண்டி அண்ணனை நான் மொத்தமா நாலு தடவை பாத்திருக்கேன்ப்பா. எனக்குப் பிரசவ வலி வந்தப்ப காரை ஓட்டினது யாரு? கிமோ அண்ணன் இல்லன்னா என் பிள்ளைக்குக் காதே வேணாம்."

ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் மகள். எத்தனையோ இரும்பை வளைத்திருக்கிறேன். இந்த இரண்டு பேரையும் ஒரு இம்மி வளைக்க முடியவில்லை. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று டிக்கெட் போட்டேன்.

கிமோவுக்கு விசா எடுப்பதற்குள் தாவு தீர்ந்தது. இந்தியாவில் யாரைப் பார்க்கப் போகிறாய், அவர் உனக்கு என்ன வேண்டும் என்று கேள்வி. சென்னை விமான நிலையத்தில் அதிகாரி எங்கள் ஆறு பாஸ்போர்ட்டையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து வைத்துக்கொண்டு, கிமோவிடம் மீனாவைக் காட்டி இங்கிலீஷில் கேட்டார், இவர் யார் என்று.

"எந்தங்கச்சி சார்" என்றான் தமிழில்.

அவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவருக்கு யாருங்க தமிழ் சொல்லிக் குடுத்தது?"

"எங்க வீட்டு அடுப்படி" என்றேன். முத்திரை குத்திவிட்டார். அந்த ஒரு இடத்தில்தான் எங்கள் உறவு மறுப்பில்லாமல் நடந்தது.

4

கோவில் உசிலம்பட்டியிலிருந்து பேரையூர் போகிற பக்கம் காட்டுக்குள் இருக்கிறது. சுற்றிலும் கருவேலமும் கரிசலும். ஹிலோ மழையில் ஊறிக்கிடந்த எனக்கு அந்த வெயில் முதலில் மருந்து மாதிரி இருந்தது, அப்புறம் தலையைச் சுற்றியது.

கிமோ வேட்டிக்கு மேல் பெல்ட்டைப் போட்டு இறுக்கிக்கொண்டு, சீர்த்தட்டைத் தலையில் வைத்து, மேளத்துக்குப் பின்னால் நடந்தான். பட்டுப்பாவாடை, வளையல், பழம் எல்லாம் பேச்சி வாங்கி வைத்தது. அவன் பங்குக்கு, அவர்கள் ஊர் குக்குய்க் கொட்டையை மெருகேற்றிக் கோத்த ஒரு மாலை. சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. "ஏ, தாய்மாமன் தேர் மாதிரி வாரான்டி" என்றாள் ஒருத்தி. அண்ணன் மட்டும் தள்ளி ஒரு வேப்பமர நிழலில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வராமல் இருந்தால் சாமி குத்தம். திரும்பிப் பார்த்தால் தன் குத்தம். பாண்டி அப்பாவுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

கிமோ மடியில் வைத்து மொட்டை எடுத்தார்கள். கயல் அழவில்லை. அவன் காதோரம் ஏதோ பாடிக்கொண்டே இருந்தான். ஆசாரி இடது காதைக் குத்தினார். ஒரு வீல், அவ்வளவுதான். கம்மல் ஏறிவிட்டது. குலவை போட்டார்கள். ஒரு காது முடிந்தது.

அப்போதுதான் பொன்னாத்தா வாயைத் திறந்தாள். எனக்கு அக்கா முறை, எந்த விசேஷத்திலும் கேலி பேசுவதற்கென்றே முன்வரிசையில் உட்காருகிறவள்.

"ஏப்பா பெரிய மாமா, நல்லாப் பிடிச்சுக்க. கல்யாணமும் கட்டாம இருக்கியாமே. வெளிய எதுக்கு மாப்பிள்ளை தேடணும்? வளரட்டும், மாமன் நீயே மாலையப் போட்டுக்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். எந்தக் காது குத்திலும் யாராவது ஒருத்தி சொல்வதுதான். காதில் ஏறாத பேச்சு.

கிமோவுக்கு ஏறிவிட்டது. "என்னம்மா சொல்றாங்க?" என்று பேச்சியைப் பார்த்தான்.

"அது கேலிப்பா, விடு."

பாண்டி நல்ல எண்ணத்தில்தான் குறுக்கே வந்தான். "வெறுங்கேலி இல்ல தம்பி. முறை அது. அக்கா தங்கச்சி பிள்ளையக் கட்டுற உரிமை மாமனுக்கு உண்டு. மாமன் வேணாம்னா மாமன் மகனுக்கு. எனக்கே ஒரு பய இருக்கான்ல."

கிமோ எழுந்துவிட்டான். ஆசாரி கையில் இரண்டாவது கம்மலோடு அப்படியே இருக்கிறார். பிள்ளையை மீனாவிடம் கொடுத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"அப்பா, தாய்மாமன்னா அப்பா மாதிரின்னுதான நீங்க சொன்னீக?"

"ஆமாப்பா."

"நான் இவளுக்கு அப்பன். எங்க பேச்சுல வேற சொல்லே கிடையாது. அப்பன்கிட்ட இப்படிச் சொல்லுவாகளா? இந்த உரிமை இருக்கிற இடத்துல நான் உக்கார மாட்டேன்."

அதைச் சொல்லும்போது அவன் குரல் உயரவே இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் கேட்டது. பொன்னாத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் இப்படிச் சொல்லித்தான் காது குத்தியிருப்பார்கள்.

ஆசாரி கூப்பிட்டார். "நல்ல நேரம் போகுதுய்யா. யாராச்சும் மடி குடுங்கப்பா."

பாண்டி தயங்கித் தயங்கி முன்னால் வந்தான். மீனா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "உக்காரு பாண்டி அண்ணே. ஆனா உன் மகனுக்கு என் மக மேல முறை இல்லைன்னு சாமி முன்னாடி சொல்லிட்டு உக்காரு."

பாண்டி வேப்பமரத்தைப் பார்த்தான். அண்ணன் அப்போதுதான் திரும்பினார். நாங்கள் ஊருக்கு வந்து அவர் பேசிய முதல் பேச்சு, அதுவும் என்னிடம் இல்லை, மீனாவிடம்.

"முறைய நான் உண்டாக்கல தாயி. உண்டாக்காதவன் எப்படி இல்லைங்கிறது?"

"அப்ப வேணாம் பெரியப்பா" என்றாள் மீனா.

மேளக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார். மருமகன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த போனைச் சட்டைப்பையில் வைத்தார். வலது காது அப்படியே நின்றுவிட்டது.

5

கிடா வெட்டியாயிற்று, சோறு வெந்தாயிற்று. சாப்பிடாமல் இருக்க முடியுமா? எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். கிமோ மட்டும் வேனுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். நான் இலையில் கை வைத்தவாறே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அண்ணன் எழுந்து அவனிடம் போகிறார். அடிக்கப்போகிறாரோ என்று நான் பாதி எழுந்துவிட்டேன். போய் அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். பேசினது என் இலை வரைக்கும் கேட்டது.

"ஏண்டா சாப்பிடல?"

"பசிக்கல."

"உங்க ஊர்ல என்னைய என்னன்னு கூப்பிடுவ?"

கிமோ கொஞ்சம் யோசித்தான். "நீங்க அப்பாவுக்கு அண்ணன். அப்ப எனக்கு அப்பா."

"எங்களுக்கும் அதான்டா. பெரியப்பான்னா அப்பன்தான். சரி, பாண்டி?"

"எனக்கு அண்ணன்."

"அதுவும் சரியா இருக்கு." அண்ணன் ஒரு குச்சியை எடுத்து மண்ணைக் கிளறினார். "எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கு. அப்புறம் எந்த எடத்துலடா மாறுது?"

கிமோ நிமிர்ந்து, தூரத்தில் கயலுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த மீனாவைப் பார்த்தான். "தங்கச்சி பிள்ளைகிட்ட வாரப்ப மாறுது. எங்களுக்கு அவ மகதான். உங்களுக்கு வேற."

அண்ணன் குச்சியைக் கீழே போட்டார். பிறகு எழுந்து, "வா, கறி ஆறுது" என்று சொல்லி அவனைப் பந்திக்குக் கூட்டி வந்தார். தன் கையால் இலை போட்டார். அந்த இலைக்கும் என் இலைக்கும் நடுவில் ஐந்தாறு அடிதான். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கிளம்புகிற அன்றைக்கும் வீட்டில் இல்லை. மாடு பார்க்கப் போயிருக்கிறார் என்று பாண்டி சொன்னான்.

மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து சிங்கப்பூர், ஜப்பான், ஹோனலூலூ, ஹிலோ. வழியெல்லாம் நான் தூங்கவில்லை. அண்ணன் ஒருவர்தான் மிச்சம். இந்த வயதில் புதிதாக ஒரு அண்ணனைச் சம்பாதிக்க முடியாது. அதற்கு எனக்குத் திறமை பத்தாது.

6

ஊரில் எங்கள் பேத்திக்கு ஒத்தக்காது என்று பெயர் வைத்துவிட்டார்களாம். மீனாவுக்கு அதில் வருத்தமில்லை. "இங்க ஒரே காதுல போடுறவங்க நிறையப் பேருப்பா" என்கிறாள். கிமோ பட்டறைக்கு வருகிறான், வேலை செய்கிறான், முன்பு மாதிரி பாடுவதில்லை. தன்னால்தான் என் அண்ணன் என்னோடு பேசாமல் போனார் என்று நினைக்கிறான். இல்லை என்று எத்தனை தடவை சொல்வது?

நேற்றுச் சாயங்காலம் பட்டறையைப் பூட்டப்போகிற நேரம். போன் அடித்தது. அண்ணன்.

"பிள்ளைக்குக் காது புண்ணு ஆறிருச்சா?"

"ஆறிருச்சுண்ணே."

"இன்னொண்ணு?"

"அது அப்படியேதான் இருக்கு."

அந்தப் பக்கம் மாட்டுமணிச் சத்தம் கேட்டது. ஊரில் அப்போதுதான் விடிந்து சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும்.

"வர்ற மாசிக்கு எல்லாரும் வாங்க. மடிய நான் தாரேன்."

எனக்குப் புரியவில்லை. "அண்ணே, நீங்க பிள்ளைக்குத் தாத்தா முறை ஆச்சே?"

"தெரியும்டா. தாத்தனுக்கு அந்தப் பிள்ளை மேல ஒரு உரிமையும் கிடையாது. அதுக்குத்தான் சொல்றேன்."

"பாண்டி?"

"சொல்லிட்டேன். மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரியிறான். திரியட்டும்."

"ஊரு என்ன பேசும்ண்ணே? தாத்தா மடியில வச்சுக் காது குத்தினதா எங்கேயும் கேள்விப்பட்டதில்லையே."

"ஊரு பிள்ளையாடா அது? நம்ம பிள்ளை." இருமினார். "அந்தப் பயலையும் கூட்டிட்டு வா. ஆசாரி குத்துறப்ப பிள்ளை தலைய ஆடாமப் பிடிக்கணும். எனக்குக் கை நடுங்குது, அவனுக்குத்தான் அம்புட்டுப் பெரிய கை."

வைத்துவிட்டார். உடம்பைப் பார்த்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. அவருக்கு எழுபத்தாறு, எனக்கு எழுபத்தொன்று. மாசிக்கு இன்னும் எத்தனையோ நாள் கிடக்கிறது.

கிமோ ஒரு பழைய கேட்டில் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மெஷினை நிறுத்தச் சொல்லி, அண்ணன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். முகக்கவசத்தைத் தூக்கி நெற்றிக்கு மேல் விட்டுக்கொண்டு, தன் இரண்டு கையையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தான்.

"அப்பா, மாசின்னா இங்க எந்த மாசம்?" என்றான்.